கில்டேரின் மாளிகைகளும் பஞ்ச காலத்துக் கோபுரம் ஒன்றும்

டப்ளினிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், லிஃபி ஆற்றங்கரையில் உள்ள செல்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், காசில்டவுன் மாளிகை இருக்கிறது. அயர்லாந்தில், இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவைப் பின்பற்றிய பல்லாடியப் பாணியில் எழுந்த முதல் பெருமாளிகை என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இதனைக் காணவே கில்டேர் மாவட்டத்துக்குச் சென்றேன்.

மாளிகையைக் கட்டுவித்த வில்லியம் கோனலி, டொனெகல் பகுதியில் சத்திரம் நடத்தியவரின் மகன். புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸை வென்ற 1690ஆம் ஆண்டின் பாய்ன் போருக்குப் பின் தோற்ற தரப்பாரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களை வாங்கி விற்றே பெருஞ்செல்வம் சேர்த்து, அயர்லாந்து நாடாளுமன்றத்தின் அவைத் தலைவராகவும் உயர்ந்தார். 1722இல் வேலை தொடங்கியது. முகப்பை வரைந்த இத்தாலியக் கட்டடக்கலைஞர் அலெசாண்ட்ரோ கலிலெய் அதற்கு முன்னரே இத்தாலிக்குத் திரும்பிவிட்டதால், அயர்லாந்துக் கட்டடக்கலைஞர் எட்வர்ட் லவெட் பியர்ஸ் பணியைத் தொடர்ந்தார். ஆனால் உள்வேலை முழுதாக முடியுமுன், 1729இல், கோனலி இறந்துபோனார்.

இன்று நாம் வியந்து நோக்கும் உள்ளழகில் பெரும்பகுதி, அவருடைய தம்பி வழிப் பேரன் டாமை 1758இல், தமது பதினைந்தாம் வயதில் மணந்து வந்த லூயிசா சீமாட்டியின் கைவண்ணம். தாங்குதூண் ஏதுமின்றிச் சுவரிலிருந்தே நீளும் கல் மாடிப்படியும், அதைச் சூழ்ந்த ஃபிலிப்போ லாஃப்ராங்கினியின் சுதை வேலைப்பாடும் அவர் காலத்தவை. அச்சுப்படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டி அவர் அலங்கரித்த அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். விலை உயர்ந்த ஓவியங்களைவிட அந்தப் பொறுமையான ஒட்டுவேலையில் வீட்டில் வாழ்ந்தவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. நீள்கூடத்துக்கென வெனிஸின் முரானோவிலிருந்து வரவழைத்த கண்ணாடிச் சரவிளக்குகளின் நீலம், சுவரின் நீலத்தோடு பொருந்தவில்லை என்று அவர் குறைபட்டாராம். எனக்கு அந்த வேறுபாடு புலப்படவேயில்லை.

அதே நீள்கூடத்தின் சன்னல்கள் வழியே வடக்கே பார்த்தால், வயல்களுக்கு அப்பால், வளைவுகளை அடுக்கி அவற்றின் மேல் ஊசிக்கோபுரம் நட்டதுபோன்ற விசித்திரக் கட்டுமானம் ஒன்று தெரிகிறது. 1739ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கடுங்குளிரில், சேமித்து வைத்திருந்த உருளைக்கிழங்கு உறைந்து அழுகியதைத் தொடர்ந்து லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சம் பரவியபோது, கோனலியின் கைம்பெண் கேத்தரின், சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்குக் கூலி கிடைக்கவேண்டும் என்பதற்காக இதைக் கட்டச் செய்தார். 42 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரத்தில் யாரும் குடியிருக்க முடியாது. தொலைவிலிருந்து பார்ப்பதைத் தவிர இதனால் வேறு பயனும் இல்லை. பசித்தவர்களின் உழைப்பில் எழுந்த இதன் உச்சிப் பகுதியைக் கல்லில் செதுக்கிய அன்னாசிப் பழங்கள் அணிசெய்கின்றன என்பது என்னை வெகுநேரம் தொந்தரவு செய்தது. ஆயினும் அந்தக் கூலி அன்று பல அடுப்புகளை எரியவைத்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. கேத்தரினுக்காகவே 1743இல் லெய்க்ஸ்லிப் அருகே எழுந்த கூம்பு வடிவக் களஞ்சியம், வெளிப்புறத்தில் 94 படிகள் சுற்றிச் சுற்றி ஏற, இதைவிட வேடிக்கையாக நிற்கிறது.

மேனூத் ஊரை அடுத்த கார்ட்டன் மாளிகையில் லூயிசாவின் அக்கா எமிலி வாழ்ந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தின் அந்த இருப்பிடம் இப்போது தங்கும் விடுதி. கோல்ஃப் ஆட வருவோருக்கு நடுவில் பழமையைத் தேடுவது எளிதல்ல.

காசில்டவுனுக்கும் அந்நிலையோ அதைவிட மோசமானதோ நேர்ந்திருக்கலாம். 1965இல் குடும்பத்தார் விற்றபின் ஆளின்றிக் கிடந்த வீட்டின் சன்னல்கள் உடைக்கப்பட்டன, கூரையின் ஈயத் தகடுகள் திருடுபோயின. பழங்கட்டடங்களைக் காக்கும் அயர்லாந்து ஜார்ஜியன் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான டெஸ்மண்ட் கின்னஸ், 1967இல் தம் சொந்தப் பொறுப்பில் 93,000 பவுண்டு கொடுத்து வாங்கி அதைக் காப்பாற்றினார். 1994இல் மாளிகை அரசின் பொறுப்புக்கு வந்தது. டெஸ்மண்டுடன் சேர்ந்து சங்கத்தை உருவாக்கிய மரீகா கின்னஸ் 1989இல் மறைந்தபோது, அவரை அடக்கம் செய்தது மாளிகைத் தோட்டத்தில் அல்ல, கேத்தரினின் அந்தப் பஞ்ச காலத்துக் கோபுரத்தின் அடியில்.