விரல் ஓரிடம், வாய் ஓரிடம்

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் நாடக மேடைகளையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியும். அங்கெல்லாம் எனக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. எனக்கு முதலில் நினைவு வருவது இரண்டாம் வகுப்பு, அதிலும் கடைசி வாங்கு.

அப்போது எனக்கு வாசிக்கத் தெரியாது. அது வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் விசேஷம். ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், பாடம் முழுவதையும் இராகத்தோடு ஒப்பித்துவிடுவேன். வீட்டில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்த வருடம் வந்த ரீச்சர்தான் என் விரலைக் கவனித்தார். வாய் மூன்றாம் வரிக்குப் போய்விட்டது, விரல் இரண்டாம் வரியிலேயே நின்றது. அவர் ஏசவில்லை. பக்கத்திலிருந்த படத்தை உள்ளங்கையால் மறைத்து, "கடைசி வரியை வாசியுங்கோ அப்பன்" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து, மற்றவர்கள் கொப்பியில் எழுதும் நேரத்தில் எங்களில் சிலரைத் தன் மேசையருகே இருத்திக்கொண்டார். "தமிழ் போதாது" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாமல், யார் எதில் இடறுகிறார் என்று தனித்தனியே குறித்துவைத்தார். 247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்வோம். வரிசையை விட்டு ஒன்றைக் காட்டினால் திண்டாட்டம். எனக்குக் கொம்பு எழுத்துகள் எமன். "கொ"வில் கொம்பு முன்னே, கால் பின்னே. "கெ" என்று தொடங்கிக் காலில் வந்து முட்டிக்கொள்வேன். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தெரியும், கூட்டி வாசிக்க வராது. அவளுக்குப் புத்தகமே இல்லாத பாடம்: "படம் எண்டதிலை 'ப'வை எடுத்தால் மிச்சம் என்ன?" அவள் நெடுநேரம் யோசித்து "டம்" என்றதும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம், ரீச்சரும்தான். தேறியவர் தன் வாங்குக்குத் திரும்ப, அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார். அதனால் அந்த மேசைக்கு "மக்கு மேசை" என்ற பட்டம் ஒட்டவில்லை.

இப்போது நானும் கடல் கடந்து ஓர் ஆரம்பப் பாடசாலையில் இதே வேலைதான் செய்கிறேன். இங்கே இதற்குப் பெயரும் படிநிலைகளும் படிவங்களும் உண்டு (படிவங்கள் கொஞ்சம் அதிகம்). அமெரிக்காவில் கொனி ஜுவல் என்ற வாசிப்பு ஆய்வாளர் 54 பிள்ளைகளை முதலாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து 1988இல் எழுதியதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. முதலாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை, நான்காம் வகுப்பு முடிவிலும் அப்படியே இருக்கும் வாய்ப்பு 0.88, அதாவது நூற்றுக்கு 88. இரண்டாம் வகுப்பில் பிடிபட்ட நானே கொஞ்சம் பிந்தித்தான் பிடிபட்டிருக்கிறேன்.

அதற்காக, சீக்கிரம் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. நியூசிலாந்தின் கல்வியாளர் மேரி கிளே உருவாக்கிய "ரீடிங் ரிக்கவரி" என்ற வாசிப்பு உதவித் திட்டம் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தினமும் 30 நிமிடம், தனியொரு ஆசிரியர், 12 முதல் 20 வாரம் என்று நடப்பது. உடனடிப் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் அமெரிக்காவில் அப்படிப் படித்தவர்களைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் அவர்கள் அந்தத் திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவுக்கும் கீழே நின்றார்கள். காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. படத்தையும் சந்தர்ப்பத்தையும் வைத்துச் சொல்லை ஊகிக்கப் பழக்குகிறது என்பது அந்த முறைமேல் நெடுநாளாக உள்ள குறை. படத்தை மறைத்த அந்த உள்ளங்கைக்கு இது எப்படித் தெரிந்திருந்தது என்று இன்றைக்கும் வியப்புத்தான்.

நமது சங்கம் அனுப்பும் பணம் மேல்வகுப்பு விசேட வகுப்புகளுக்கும் வெற்றிக் கேடயங்களுக்கும் போகிறது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேலதிகமாக ஓர் ஆசிரியர், காலையில் அரை மணி நேரம், முதல் தவணையிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்க வைத்துக் கேட்பது, தேறிய பிறகும் அடுத்த வருடம் ஒருமுறை பார்ப்பது: கேடயச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். பொதுக்கூட்டத்தில் பிரேரிக்கப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். கடைசி வாங்கில் இருந்தவர் யாராவது இருந்தால் நல்லது.