வேப்பெண்ணெய்க் கரைசல்: சோப்பைத் தின்னும் போர் தண்ணீர்

லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சீவிய காதி சோப் 2 கிராம். மாடித்தோட்டத்தில் மாவுப்பூச்சிக்கு வழக்கமாக அடிக்கும் அளவுதான். ஆர்.ஓ. தண்ணீரிலோ மழைநீரிலோ கலக்கினால் பாலாக வெளுக்கிறது. உப்புப் போர் தண்ணீரில் திரிதிரியாகத் திரண்டு, எண்ணெய் தனியே மிதக்கிறது.

சோப்பு மூலக்கூறின் வால் எண்ணெயை நாடும், தலை தண்ணீரை நாடும். அதனால் இரண்டும் சந்திக்கும் பரப்பில் வந்து நின்றுகொள்கிறது. அங்கே இழுவிசை குறைவதால் எண்ணெய் சுலபமாகத் துளிகளாக உடைகிறது. தலையிலுள்ள எதிர் மின்னூட்டம் துளிகளை மறுபடி ஒட்டவிடாது. 5 மி.லி. எண்ணெய் 5 மைக்ரான் துளிகளானால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2 மி.கி. என்று வைத்தாலும் அதைப் போர்த்த 12 மி.கி. சோப்பு போதும்!

மீதி எங்கே போகிறது? கொஞ்சம் தண்ணீரில் கரைந்து நிற்கும். பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வது போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான். இவற்றின் அளவு, அதாவது கடினத்தன்மை, 300 பி.பி.எம். இருந்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிராம் சோப்பு கரையாத சுண்ணாம்புச் சோப்பாகிவிடும். மேலே திரளும் திரி அதுதான். சோப்பைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, இலையில் படிவதுதான் மிச்சம்.

மழைநீர் இருந்தால் சோப்பே நல்லது. 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் முழுதும் கரைத்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, மூடிய பாட்டிலில் நன்றாகக் குலுக்கிய பிறகே லிட்டராக்க வேண்டும். எடுத்தவுடன் லிட்டர் தண்ணீரில் ஊற்றினால் எவ்வளவு கலக்கினாலும் துளிகள் பெரிதாகவே நிற்கும்.

போர் தண்ணீர் மட்டும்தான் என்றால், சோப்புக்குப் பதில் பாலிசார்பேட் 80 என்ற குழம்பாக்கி (எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள்). அதன் தலையில் மின்னூட்டம் இல்லை, கால்சியம் அதைப் பிடிக்காது. 5 மி.லி. எண்ணெயில் 1 முதல் 1.5 மி.லி. வரை நேரடியாகக் கலந்து, தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்க்கவும். குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் முதலில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கவும்.

தெளிக்கும் தண்ணீரிலேயே ஒரு டம்ளர் எடுத்து, அதில் கலவையை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெண்புகையாகப் பரவினால் சரி. வானவில் படலம் விரிந்தால் தெளிக்க வேண்டாம். எண்ணெய் திட்டாக விழும் இடத்தில் இலை கருகும். சற்று நேரத்தில் மேலே ஏடு கட்டுவது வேறு, குலுக்கினால் கலந்துவிடும். சோப்புக் கரைசலின் காரத்தில் அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருள்) சீக்கிரம் சிதையும் என்பதால், கலக்கிய அன்றே மாலையில் அடித்து முடிக்கவும்.