டொக் டொக் சத்தமும் ரெண்டு ஸ்டெபிலைசர் லிங்க்கும்

மூணு மாசமா எங்க காடியில, அதாவது கார்ல, முன்னாடி இடது பக்கம் ஒரு சத்தம். நாங்க இருக்குறது சிங்கப்பூர்ல. பெருசா ஒண்ணும் இல்ல, யாரோ விரல் முட்டியால மரக்கதவைத் தட்டுற மாதிரி ஒரு டொக், கொஞ்ச தூரம் போனா மறுபடி டொக் டொக். பெட்ரோல் காடியா இருந்தா இவ்வளவு தெளிவா கேட்டிருக்காது. இது மின்சார காடி, எஞ்சின் இரைச்சலே கிடையாது, 20, 30 கிலோமீட்டர் வேகத்துல கார்பார்க்குக்குள்ள போறப்ப டயர் உருள்ற சத்தத்துக்கு மேல இது மட்டும் தனியா காதுல வந்து விழும். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபிசியோவுக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன், ஒவ்வொரு டொக்குக்கும் அம்மா கதவு மேல இருக்குற கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. ஒரு நாள் "சக்கரம் கழண்டுடாதாப்பா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல தள்ளிப்போட எனக்கு மனசு வரல.

முதல்ல போன ஒர்க்‌ஷாப் எதுன்னு சொல்ல வேணாம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாங்க, முன்னாடி குலுக்கலை அடக்குற ரெண்டு அப்சார்பரும் போச்சு, அதை மேல பிடிச்சிருக்குற மவுண்டிங்கும் சேர்த்து மாத்தணும், அப்புறம் சக்கரத்தோட கோணத்தைச் சரிபண்ற அலைன்மெண்ட், மொத்தம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஆகும்னாங்க. காடியைத் தூக்கி அடியில பார்க்குற ஹாய்ஸ்ட்ல ஏத்தக்கூட இல்ல. ஏன்னு கேட்டா, எலெக்ட்ரிக் காடி வெயிட் ஜாஸ்தி, அதான் சீக்கிரம் போயிடுதுன்னு பதில். வெயிட் ஜாஸ்திங்கறது உண்மைதான், அடியில பேட்டரி மட்டுமே பல நூறு கிலோ இருக்கு, சஸ்பென்ஷன்ல இருக்குற ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் அந்த பாரம் சேரத்தான் செய்யும். ஆனா அப்சார்பர் போச்சுன்னா பெரும்பாலும் அதுல எண்ணெய் கசிஞ்சிருக்கணும், இல்லேன்னா ஹம்ப், அதாவது வேகத்தடை, ஏறி இறங்குனதும் காடி ரெண்டு மூணு தடவை குதிக்கணும். எங்க காடி குதிக்கல. கையால பனெட்டை அமுக்கி விட்டா ஒரே தடவையில எழும்பி நின்னுக்குது. நான் யோசிச்சுச் சொல்றேன்னு கிளம்பி வந்துட்டேன்.

எங்க அப்பா 27 வருஷம் இங்க டாக்சி ஓட்டுனவரு. அதுல பாதிக்கு மேல டீசல் டொயோட்டா கிரவுன், அந்த இரைச்சல்லயும் ஜாயிண்ட்ல இருக்குற எந்த ரப்பர் புஷ் தேஞ்சிருக்குன்னு காதாலயே சொல்லுவாரு. அவரை முன் சீட்டுல உட்கார வச்சு ஓட்டுனேன். செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலை ஃப்ளோர்ல ஊனிக்கிட்டாரு, சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி காலுக்கு வரும்னாரு. எங்க புளோக்குக்குப் பின்னாடி இருக்குற ஹம்ப்ல நேரா, மெதுவா ஏத்தச் சொன்னாரு. சத்தமே இல்ல. திருப்பிட்டு வந்து அதே ஹம்ப்ல கொஞ்சம் சாய்வா, இடது சக்கரம் முதல்ல ஏறுற மாதிரி போகச் சொன்னாரு. டொக். இன்னொரு தடவை போனேன், மறுபடி டொக். அப்புறம் காடியை நிறுத்தி வச்சுட்டு ஸ்டியரிங்கை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முழுசா திருப்பச் சொன்னாரு, ஒரு சத்தமும் இல்ல, மேல் மவுண்டிங் போயிருந்தா பெரும்பாலும் அங்கேயே காட்டிக் கொடுத்திருக்கும். மெதுவா போய் சடக்குன்னு பிரேக் போடச் சொன்னாரு, அப்பவும் இல்ல, அதனால சக்கரத்தைக் கீழ பிடிச்சிருக்குற கண்ட்ரோல் ஆர்ம் புஷ் மேலயும் சந்தேகம் குறைஞ்சுது. "அப்சார்பர் இல்லடா, லிங்க்"னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டாரு.

ஏன் சாய்வா போனா மட்டும் சத்தம்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபமா புரியும். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குறுக்கால யூ மாதிரி வளைஞ்ச ஒரு இரும்புக் கம்பி ஓடுது, அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதோட ரெண்டு முனையையும் அந்தந்தப் பக்கத்து அப்சார்பரோட சேர்த்துப் பிடிக்கிறதுதான் லிங்க், ஒரு ஜாண் நீளத்துக்குச் சின்ன கம்பி, மேலயும் கீழயும் ஒவ்வொரு பால் ஜாயிண்ட், அதாவது கிண்ணத்துக்குள்ள சுழல்ற ஒரு குண்டு, அவ்வளவுதான். ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுனா பார் அதோட புஷ்ல சும்மா சுழலும், முறுக்கு விழாது, லிங்க்குக்கும் வேலை இல்ல. ஒரு சக்கரம் மட்டும் ஏறுனா இல்ல வளைவுல காடி சாஞ்சா பார் முறுக்கிக்கிட்டு உடம்பு ரொம்ப சாயாம இழுத்துப் பிடிக்கும், அந்த இழுவை மொத்தமும் லிங்க் வழியாத்தான் போகுது. பால் ஜாயிண்ட் தேஞ்சு உள்ள இடைவெளி விழுந்துட்டா ஒவ்வொரு தடவை இழுவை மாறும்போதும் அந்தக் குண்டு கிண்ணத்துல போய் இடிக்கும், அதுதான் அந்த டொக். மல்டி ஸ்டோரி கார்பார்க் ராம்ப்ல திரும்பித் திரும்பி ஏறுறப்பவும், ரோட்டு ஓரமா மேன்ஹோல் மூடி மேல ஒரு சக்கரம் மட்டும் ஏறுறப்பவும் சத்தம் ஏன் அதிகமா இருந்துச்சுன்னு அப்பத்தான் எனக்கு முழுசா விளங்குச்சு.

கார்பார்க்குல ஜாக் போட்டு சொந்தமா பண்ணிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, ஆனா எச்டிபி கார்பார்க், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டு கார்பார்க், அதுக்கான இடம் இல்ல, சரியான ஸ்டாண்டு இல்லாம இவ்வளவு கனமான காடிக்கு அடியில கையை விடவும் நான் தயார் இல்ல. காக்கி புக்கிட்ல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல பட்டுக்கோட்டை பக்கத்துத் தம்பி ஒருத்தர் வேலை பார்க்கிறாரு, அப்பாவோட டாக்சி காலத்துலயே பழக்கம். சனிக்கிழமை காலையில வாங்கண்ணே, கூட நின்னு பாருங்கன்னு சொன்னாரு. அவரோட முதலாளி அங்கிளுக்குத்தான் கொஞ்சம் தயக்கம், எலெக்ட்ரிக் காடியில கைவச்சா ஷாக் அடிக்குமோன்னு. ஹை வோல்டேஜ் ஓடுற ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடப் போறதில்ல, சஸ்பென்ஷன் எல்லாக் காடியிலயும் இருக்குற அதே சஸ்பென்ஷன்தான்னு எடுத்துச் சொன்னோம். கவனமா இருக்க வேண்டியது ரெண்டு விஷயம்தான். ஹாய்ஸ்ட் பேட் பேட்டரிப் பெட்டி மேல உட்காரவே கூடாது, ஓரத்துல இருக்குற ஜாக் பாயிண்ட்லதான் உட்காரணும், தம்பி டார்ச் அடிச்சு நாலையும் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் தூக்குனாரு. இன்னொண்ணு, காடி ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு சத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, அதனால சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு சாவியை நான் தூரத்துல இருந்த மேசை டிராயர்ல போட்டேன்.

ரெண்டு முன் சக்கரமும் ஒண்ணா தொங்குற மாதிரி தூக்குனதுக்கும் காரணம் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் தூக்குனா பார் முறுக்கிக்கிட்டு லிங்க்கை இறுக்கமா பிடிச்சு வச்சிருக்கும், ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது, நட்டைக் கழட்டும்போது படார்னு துள்ளவும் செய்யும். சக்கரத்தைக் கழட்டிட்டு தம்பி என் ரெண்டு விரலை மேல் ஜாயிண்ட்டை மூடியிருக்குற ரப்பர் உறை, அதான் பூட், அது மேல வைக்கச் சொன்னாரு, அவரு கீழ இருந்து நெம்புகம்பியால பாரை லேசா அசைச்சாரு. விரலுக்கு அடியில லொடக்குனு ஒரு அசைவு. மூணு மாசமா எங்களைப் படுத்தி எடுத்தது அதுதான். பூட் ஓரத்துல நகம் அளவுக்கு ஒரு கிழிசல், உள்ள கிரீஸ் வெளியேறி, மழைத்தண்ணியும் மண்ணும் கலந்து செங்கல் கலர்ல சேறா நின்னுச்சு.

கழட்டுறதுதான் நேரம் எடுக்குற வேலை. நட்டைச் சும்மா திருப்புனா குண்டும் கூடவே சுத்தும், அதனால போல்ட் முனையில இருக்குற ஆறுமூலைக் குழிக்குள்ள ஆலன் கீ விட்டுப் பிடிச்சுக்கிட்டு ரிங் ஸ்பேனரால நட்டைத் திருப்பணும். முதல்ல மரையை வயர் பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, அந்தக் குழிக்குள்ள இருக்குற மண்ணை முள்ளு மாதிரி ஒரு ஊசியால நோண்டி எடுத்துட்டு, துரு எண்ணெய் அடிச்சு, போய் ஒரு கோப்பி குடிச்சுட்டு வந்தோம். குழியில மண்ணு இருந்தா கீ பாதிதான் இறங்கும், பாதி இறங்குன கீயோட இழுத்தா குழி வழவழத்துப் போயிடும், அப்புறம் கிரைண்டரால அறுக்கிற வேலைதான். பனிக்கு உப்பு போடுற நாடுகள்ல இந்த நட்டு துருப்பிடிச்சு இறுகிப் போறதை வீடியோவுல பார்த்துட்டு நான் பயந்துதான் இருந்தேன், நம்ம ஊர்ல ரோட்டுல உப்பு இல்ல, மழையும் ஈரமும்தான், இடது பக்கம் ரெண்டு நட்டும் நல்லா அழுத்தம் குடுத்ததும் கிறீச்சுனு விட்டுக் குடுத்துடுச்சு. வலது பக்கம் கீழ் நட்டு மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துச்சு.

பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு நீளம் ஒண்ணா இருக்கா, போல்ட் ரெண்டும் ஒரே திசையைப் பார்க்குதான்னு சரிபார்த்தோம், சில காடிக்கு இடதும் வலதும் வேற வேற. அப்ப கவனிச்சேன், புது லிங்க்கோட போல்ட்டை விரலால அசைக்கவே கஷ்டமா இருந்துச்சு, அவ்வளவு இறுக்கம். பழசோடது நான் தூக்கிப் பிடிச்சதும் தானா கீழ தொங்கிருச்சு, ஆட்டுனா கிலுகிலுப்பை மாதிரி சத்தம். வலது பக்கம் பூட் கிழியல, ஆனா அதுலயும் கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு, ரெண்டும் ஒரே நாள்ல பொறந்ததுதானே, ரெண்டையும் மாத்தியாச்சு.

மாட்டும்போது தம்பி காத்துல நட்டை முடுக்குற ஏர் கன்னை எடுக்கவே இல்ல, அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கன் போட்டா குண்டு உள்ள வேகமா சுத்தி புது ரப்பர் உறையே முறுக்கிக்கும். பெட்டியில வந்த புது நட்டைக் கையால நாலு சுத்து ஏத்தி, ஸ்பேனரால இறுக்கி, கடைசியில இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச்சால மேனுவல்ல போட்டிருந்த அளவுக்கு. பழைய நட்டை மறுபடி போடக்கூடாது, இறுக்கிப் பிடிக்கிற அதோட வேலை ஒரு தடவைக்குத்தான். முடிச்சதும் ஒவ்வொரு நட்டுலயும் மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு, நட்டு நகந்தா கோடு விலகிக் காட்டிக் கொடுத்துடும். அலைன்மெண்ட் வேணுமான்னு கேட்டேன், லிங்க் மாத்துறதால சக்கரத்தோட கோணம் எதுவும் மாறாது, காசை வீணாக்காதீங்கண்ணேன்னாரு. லிங்க் ரெண்டும், கூலியும் சேர்த்து 190 வெள்ளி.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஆயிரத்து எண்ணூறு கேட்டதுக்காக மட்டும் இல்ல. அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா நல்லா இருக்குற ரெண்டு அப்சார்பரைக் கழட்டிப் போட்டிருப்பாங்க, அதைக் கழட்டணும்னா எப்படியும் லிங்க்கையும் கழட்டித்தான் ஆகணும், மறுபடி அதே பழைய லிங்க்கை மாட்டியிருந்தா டொக் டொக் அப்படியே இருந்திருக்கும், நான் பேட்டரியா மோட்டரான்னு பயந்துக்கிட்டு அடுத்த இடத்துக்கு ஓடியிருப்பேன். உங்க காடியில இந்தச் சத்தம் வந்தா, ஹம்ப்ல ஒரு தடவை நேரா, ஒரு தடவை சாய்வா ஏத்திப் பாருங்க. அதுக்கப்புறம் ஹாய்ஸ்ட்ல ஏத்தி எது ஆடுதுன்னு விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க. காட்டாம விலை சொல்றவங்ககிட்ட சாவியைக் குடுக்காதீங்க. எங்க காடிக்கு இது அஞ்சாவது வருஷம், மூணு வருஷத்துல முதல் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது, ரெண்டாவது இந்த வருஷம் வருது, அங்க அடிப்பக்கமும் பார்ப்பாங்க, அதுக்கு முன்னாடி சரியானதுல எனக்கு நிம்மதி.

திங்கக்கிழமை அம்மாவை ஃபிசியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஹம்ப்ல சாய்வாத்தான் ஏத்துனேன். அம்மா கைப்பிடியைப் பிடிச்சுக் காத்திருந்தாங்க, அப்புறம் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க.

100 கிலோமீட்டர் ஓடுனதும் வீல் நட்டை ரெஞ்ச் போட்டுப் பார்த்தேன், எதுவும் நகரல. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சு உள்ள டார்ச் அடிச்சேன். மஞ்சள் கோடு போட்ட இடத்துலயே நேரா நிக்குது.