அரக்குப் புடவையும் 14 பிட்டும்

இன்று முகூர்த்த மேடையில் எல்இடி விளக்கு ஊதாவாகக் கொட்டியது. மணப்பெண்ணின் அரக்குப் புடவை கேமராத் திரையில் ஒரே திட்டு. மடிப்பே காணோம்.

ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படம்) இரண்டிலும் எடுத்திருந்தேன். ஜேபெக்கில் 8 பிட், அதாவது ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. கணினியில் ஒயிட் பேலன்ஸைத் திருத்தி விளக்கின் ஊதாச் சாயத்தை நீக்கியதும் மடிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன, சரிகை ஓரத்து நிழல் உட்பட.

அதற்காகப் பந்தியையும் ராவில் எடுக்க வேண்டுமா? ஜேபெக் தாராளம். ரா கோப்பு பெரிது, ஹார்ட் டிஸ்க் பாவம்.

2015-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம், ராவிலிருந்து உருவாக்கிய படம் வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை அனுப்புங்கள் என்றது. வேகம் ஒரு காரணம், கைவைக்காத படம் என்ற நம்பிக்கை இன்னொன்று.

செய்திக்குச் சரி. கல்யாண ஆல்பத்தில் முகப்பருவை நீக்காமல் கொடுத்தால் பாக்கிப் பணம் வராது!