மஞ்சள் ஆற்றை எனக்குக் காட்டியவர்கள்

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது, தொலைக்காட்சி ஆவணப்படங்களைப் பார்த்து நான் சீன மொழி படித்ததைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "அதுக்கும் எங்கட கல்லூரிக்கும் என்ன அண்ணை தொடர்பு?" என்றார் செயலாளர் தம்பி. தொடர்பு உண்டு. மேல்மாடியில், வேப்பமரத்துப் பக்கம் யன்னல் திறக்கும் புவியியல் அறையில்தான் அந்தப் படிப்பு தொடங்கியது.

1970களின் பிற்பகுதியில் அங்கே படித்தவர்களுக்கு எங்கள் புவியியல் சேரை நன்றாகத் தெரியும். வகுப்புக்கு அவர் புத்தகம் கொண்டுவந்து நான் கண்டதில்லை. கரும்பலகையில் ஆசியாவின் கரையோரத்தை ஒரே இழுப்பில் வரைந்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்புவார். சீனா படிப்பித்த கிழமையில் மலைகளும் இரண்டு பேராறுகளும் வந்த பிறகு, மஞ்சள் சோக்கைப் படுக்கையாகப் பிடித்து ஹுவாங் ஹோவின், அதாவது மஞ்சள் ஆற்றின், பெரிய வளைவுக்குள் அழுத்தித் தேய்த்தார். உள்ளங்கை முழுக்க மஞ்சள். அதுதான் லோயஸ் மண். பாலைவனப் பக்கமிருந்து காற்று அள்ளிவந்து யுகக் கணக்காகக் கொட்டிய தூசி. வெட்டினால் சுவர் மாதிரிச் செங்குத்தாக நிற்கும். அதனால் சனங்கள் அதைக் குடைந்து வீடாக்கிக் குடியிருக்கிறார்கள். ஆறு அதை அரித்துக்கொண்டு போகும். அந்தக் காலக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 160 கோடி தொன் வண்டல். அது அடியில் படியப் படிய ஆற்றின் படுகை சுற்றியுள்ள வயல்களைவிட உயர்ந்துவிடும். கரை உடைந்தால் ஊர்கள் அழியும். "முதல்ல மண்ணைப் பாருங்கோ, பிறகு தண்ணி, பிறகு பயிர். மனிசரைக் கடைசியாப் பாத்தால்தான் அவையளை விளங்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

சோதனை முடிந்ததும் அதெல்லாம் மனதின் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. 1983இல் சீன மத்திய தொலைக்காட்சி யாங்சி ஆற்றைப் பற்றி 25 பகுதிகளில் ஒரு தொடர் ஒளிபரப்பியது. தங்கள் நாட்டை முதன்முதலாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொலைக்காட்சியில் கண்டதாக அந்தத் தலைமுறைச் சீனர்கள் இன்றும் சொல்கிறார்கள். நம்முடைய 1983 எப்படிப் போனது என்பது இந்த மலரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் கனடா வந்து சேர்ந்தேன்.

ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த பக்கம் சீனர்கள் நிறையப் பேர். முதலில் ஹொங்கொங்கிலிருந்து வந்த கன்ரனீஸ் காரர், பின்னர் சீனப் பெருநிலத்திலிருந்து, பொதுச் சீனமான மெண்டரின் பேசுவோர். பல வருடங்கள் தலையசைப்போடும் சிரிப்போடும் போயின. அவர்களுடைய மொழியைப் படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது ஓர் ஆவணப்படத்தால். கனடிய இயக்குநர் யுங் சாங் 2007இல் எடுத்த 'அப் த யாங்சி'. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலிருந்து வரும் பி.பி.எஸ். அலைவரிசையில் அதைப் பார்த்தேன்.

யாங்சி ஆற்றில் கட்டிய மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக ஏறத்தாழ 13 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அந்தப் படம் ஆற்றங்கரையில் குடிசை போட்டு வாழும் ஒரே ஒரு குடும்பத்தோடு நிற்கிறது. தண்ணீர் ஏறிவருகிறது. தகப்பன் ஒரு பெரிய அலுமாரியை முதுகில் கட்டிச் சுமந்துகொண்டு கரைச்சரிவில் ஏறுகிறார். கமரா பக்கத்திலேயே போகிறது. மூச்சு வாங்குவது கேட்கிறது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது எங்கள் அம்மா தையல் மெசினைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியவர். அன்று நான் பக்கத்தில் இல்லை. அந்தத் தகப்பன் ஏறியபோது தன் பெண்சாதியிடம் என்ன சொன்னார் என்பதை திரைக்கு அடியில் ஓடும் ஆங்கில எழுத்தின் உதவியில்லாமல் அவர் வாயால் கேட்டு விளங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏஜின்கோர்ட் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் சீனப் புத்தகங்களும் நிறைய உண்டு. தமிழ் எடுக்கப் போன நான் சீனப் பக்கமும் போகத் தொடங்கினேன்.

படிக்கத் தொடங்கியபோதுதான் கல்லூரியில் கிடைத்த இன்னொரு கொடையும் தெரிந்தது. மெண்டரினில் மனிதன், இறைச்சி, வெப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் முதல் ஒலி ஆங்கிலேயருக்கு எளிதில் வராது. நமக்கு வரும், அது நம்முடைய ழகரத்துக்கு மிகக் கிட்டிய ஒலி. நாக்கை மடித்து ழகரம் சொல்லும் வரை எங்களை இருக்கவிடாத தமிழ் வாத்தியாருக்கு அந்தப் புண்ணியம் போகட்டும். கடினமானது வேறு இடத்தில் இருக்கிறது. சீனத்தில் இரண்டு பகரங்கள். ஒன்றில் மூச்சு வெளியே தள்ளும், மற்றதில் தள்ளாது. வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதம் பிடித்துப் பழகவேண்டும். சொல்லின் பொருளை மாற்றும் நான்கு தொனிகளை ஏட்டில் படிக்கலாம், ஆனால் காதில் ஏறுவதற்கு நிதானமாகப் பேசும் ஒரு குரல் வேண்டும். சினிமாவில் பேச்சு ஓடும். செய்தியில் இன்னும் வேகம். ஆவணப்படத்தின் பின்னணிக் குரல்தான் சொல்லுக்குச் சொல் இடம்விட்டு, முழு வாக்கியமாகப் பேசும். அதை நிறுத்தி, கூடவே சொல்லிப் பார்த்து, பின்னுக்கு இழுத்துத் திரும்பவும் கேட்கலாம்.

அந்த வகையில் எனக்கு வாய்த்த பெரிய பள்ளிக்கூடம் 2012 மே மாதம் சீன மத்திய தொலைக்காட்சியில் வந்த உணவுத் தொடர். ஆங்கிலத்தில் 'எ பைட் ஒஃப் சைனா' என்று அறியப்பட்டது. ஏழு பகுதிகள், இயக்கம் சென் ஷியாவ்சிங், குரல் லி லிஹோங். சமையல் குறிப்புச் சொல்லும் நிகழ்ச்சி என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனால் அது எங்கள் சேர் சொன்ன ஒழுங்கில் வந்தது: மண், தண்ணீர், பயிர், பிறகு மனிதர்.

முதற் பகுதியில் யுன்னான் மலைக்காட்டில் ஒரு திபெத்தியப் பெண்ணும் தாயும் விடியுமுன் காளான் தேடிப் போகிறார்கள். விலைகூடிய காளான், நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போவது. அந்தப் பெண் காளானைக் கிளறி எடுத்தவுடன், எழுந்து போகாமல், அந்தக் குழியை உதிர்ந்து கிடக்கும் பைன் இலைகளால் மூடுகிறாள். மண்ணுக்கடியில் ஓடும் காளான் இழைகள் வெயில் பட்டுப் பழுதாகக்கூடாது, அடுத்த முறையும் முளைக்கவேண்டும் என்பதற்காக. எடுத்தல், மூடல், காத்தல் என்ற வினைகளை நான் அந்தக் கையிலிருந்துதான் படித்தேன். இன்றும் அந்தச் சீனச் சொற்களைக் கேட்டால் பைன் இலை தள்ளும் விரல்கள்தான் கண்முன் வரும். அதே பகுதியில் ஹூபெய் மாநிலத்தில் தாமரைக்கிழங்கு எடுக்கிறவர்கள் குளிர்காலச் சேற்றில் நின்று, கிழங்கு முறியாமல் கையால் தடவித் தடவி இழுக்கிறார்கள்.

இரண்டாம் பகுதி போட்ட அன்று எழுந்து நின்றுவிட்டேன். திரை முழுக்க மஞ்சள் மண். வட ஷான்ஷியில் ஒரு கிழவர் அந்த மண்ணைக் குடைந்து கட்டிய வீட்டில் இருக்கிறார். பனிவரகு மாவைப் புளிக்கவைத்துப் பிசைந்து, உருட்டி, ஆவியில் அவித்து, சைக்கிள் வண்டிலில் ஏற்றிக்கொண்டு ரவுணுக்கு விற்கப் போகிறார். ஆவி பறக்கும் அந்த உருண்டைகளும் மண்ணும் ஒரே நிறம். சேரின் உள்ளங்கையில் ஒட்டியிருந்ததும் அந்த நிறம்தான்.

அந்தக் கிழவர் பேசியது எனக்கு அரைவாசி விளங்கவில்லை. என்னோடு வேலை செய்த ஷான்ஷிப் பெண்மணியிடம் கேட்டேன். என்னைத் 'தாகே', அதாவது அண்ணை, என்று கூப்பிடுகிறவர். பெய்ஜிங்காரருக்கும் அந்தப் பேச்சு முழுக்க விளங்காது என்றார் அவர். அதனால்தான் சீனத் தொலைக்காட்சியில் அநேகமாக எல்லா நிகழ்ச்சிகளுக்கும் அடியில் சீன எழுத்திலேயே வாசகம் ஓடுகிறது. ஊருக்கு ஊர் பேச்சு மாறும், எழுத்து பொது. எனக்கு அது இரட்டைப் பாடம். காது ஒன்றைக் கேட்க, கண் அதையே எழுத்தில் பிடித்தது. ஆறு, ஏரி, கடல் என்று வரும்போதெல்லாம் எழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று நீர்த்துளிகள் நிற்பதை எவரும் சொல்லித்தராமல் கண்டுகொண்டேன்.

அந்தப் பெண்மணியின் தாய்வீடும் மண் குடைந்த வீடுதானாம். மாரியில் கதகதப்பு, கோடையில் குளிர்மை. அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கும் செங்கல் திண்ணைதான் படுக்கை. புதுவருடத்தின் இரண்டாம் நாள் கலியாணம் முடித்த பெண்கள் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போவதையும், அங்கே தாய்மாமனுக்குத் தனி மரியாதை இருப்பதையும் அவர் சொல்ல, எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பெரியப்பன், சித்தப்பன், தாய்மாமன் எல்லாரும் அவர்களுக்கும் வேறு வேறு ஆட்கள்தான். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளில் கல்லறை துப்பரவாக்கி, இறந்தவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைப்பார்கள். ஆடி அமாவாசைக்கு நாங்கள் கீரிமலைக்குப் போவதை நான் சொன்னேன். வேலைத்தலத்துச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் அரைகுறை மெண்டரினிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் கதைத்தவை ஏராளம்.

2016இல் வந்த பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகப் படமும் எனக்குப் பிடித்தது. மூன்றே பகுதிகள். பழைய மணிக்கூடுகள், ஓவியங்கள், மரப்பொருட்களைச் சீர்செய்கிறவர்களின் வேலைநாள். பேரரசர்கள் நடந்த முற்றத்தில் அவர்கள் பாதாமி மரத்தை உலுக்கிப் பழம் பொறுக்குகிறார்கள். குரு, சீடன் என்று அங்கே தொழில் கைமாறுகிறது. 2018இல் தொடங்கிய, நூதனசாலை அரும்பொருட்களைப் பற்றிய தொடரும் நல்லது. ஒவ்வொரு பகுதியும் ஐந்தே நிமிடம். புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதையே முதலில் சொல்வேன்.

ஆனால் அரசுத் தொலைக்காட்சி காட்டுவதை மட்டும் நம்பினால் நாட்டின் பாதிதான் தெரியும். மஞ்சள் ஆற்றையே வைத்துத் தங்கள் நாகரிகத்தைக் கேள்வி கேட்ட ஆறு பகுதித் தொடர் ஒன்று 1988இல் அதே நிலையத்தில் ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு தியனன்மென் சம்பவத்துக்குப் பின் தடை செய்யப்பட்டது. கடற்படைத் தலைவர் செங் ஹேயின் முதற் பயணத்தின் 600ஆம் ஆண்டு 2005இல் வந்தது. அதையொட்டி எடுத்த படங்கள் அவரைச் சமாதானத் தூதராகவே காட்டுகின்றன. இலங்கையில் அவருடைய படை போரிட்டு, ஆட்சியாளனான அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதும் வரலாறுதான்.

அந்தப் படங்களில் ஒன்றில் தென்னிலங்கையின் காலிக் கல்வெட்டு வந்தது. யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குக் கல்லூரிச் சுற்றுலா போனோமே, தேசிய நூதனசாலையில் நாங்கள் சுற்றி நின்று பார்த்த அதே கல். 1409ஆம் ஆண்டுத் திகதியோடு செங் ஹே கொண்டுவந்தது, 1911இல் காலியில் ஒரு மதகடியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம் புத்தரைப் போற்றுகிறது, பாரசீகம் அல்லாவை, தமிழ், தெய்வமான தேனாவரை நாயனாரை. அன்று எங்களால் தமிழ்ப் பக்கத்தைத்தான் எழுத்துக்கூட்டிப் பார்க்க முடிந்தது. இப்போது சீனப் பக்கத்தில் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைப் பட்டியல் ஓடுவதைப் படத்தில் நானே அடையாளம் கண்டேன். சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் நம்மவர் சிவன்கோயில் கட்டி, 1281இல் தமிழில் கல்வெட்டுப் பொறித்து, அடியில் சீன எழுத்தும் சேர்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது ஷான்ஷிப் பெண்மணி நம்பவில்லை. படத்தைக் காட்டினேன். சீன வரியை அவர் வாசித்தார், தமிழ் வரிகளை நான்.

இனி, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அச்சுத்தாளைக் கொடுக்கிறோம். அவர்களுக்கு அலுப்புத் தட்டுகிறது. ஊரில் பனங்களி பிழிந்து பாயில் ஊற்றிப் பினாட்டுக் காயவைக்கிறவர்கள், ஒடியல் கிழிக்கிறவர்கள், தூண்டில் முடிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைகளைக் கிட்ட வைத்துப் படம் பிடிப்போம். ஐந்து ஐந்து நிமிடம் போதும். அவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும், அடியில் அதே தமிழ் தமிழெழுத்தில் ஓடட்டும்; ஆங்கிலம் வேண்டாம். படம் பிடிக்கும் வேலையைக் கல்லூரியின் உயர்தர மாணவர்களிடமே கொடுக்கலாம். கமரா ஒன்றுக்கும், புவியியல் அறைக்கு ஒரு புரொஜெக்ரருக்கும் ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன். மற்றப் பாதியைப் பற்றி வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கதைப்போம். முதற் படம் பினாட்டு என்றால், பனம்பழம் விழும் ஆவணிக்கு முன்னர் முடிவு எடுக்கவேண்டும்.