பதின்மூன்று வயதுப் பெட்டிக்கு முப்பதாயிரம் ரூபா

பொத்தானை அமத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு, அதைக் கொண்டுவந்து பாதி குடித்த பிறகுதான் என் கொம்பியூட்டரில் விண்டோஸ் முழுசாக எழும்பும். ஒருநாள் நேரம் பிடித்துப் பார்த்தேன். 3 நிமிடம் 50 செக்கன்.

2012இல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பூட்டுவித்த பெட்டி இது. ஐ3-2120 புரொசெசர், எச்61 மதர்போர்ட், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹாட் டிஸ்க். அச்சகங்களுக்குத் தமிழ் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கலியாணக் காட், கோயில் மலர், 31ஆம் நாள் நினைவு மலர் என்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேலை முழுக்க இதற்குள்தான் கிடக்கிறது. வெள்ளவத்தையில் செத்தவர் வீட்டுக்காரர் நடுச்சாமத்தில் போன் எடுத்து, "படத்தை மாத்தோணும், விடிய பிரிண்டுக்குப் போகுது" என்பார்கள். அந்த நேரத்தில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்க ஏலாது.

2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிற்பாட்டியது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை புரொசெசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். என்னுடையது இரண்டாம் தலைமுறை. புதுசாக ஒன்று பூட்ட ஒன்றரை லட்சம் என்றார்கள். மனைவி அலுமாரியைத் திறந்து எண்ணித் தந்தது முப்பதாயிரம். "இதுக்கு மேல ஒரு சதமும் கேக்கப்படாது" என்ற நிபந்தனையோடு.

முதல் காசு கொம்பியூட்டருக்குப் போகவில்லை, சுவருக்குப் போனது. பெட்டியின் உடம்பை வெறுங்காலோடு தொட்டால் சுர் என்று கையில் ஏறும். அதனால் வீட்டில் எல்லாரும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பொத்தானை அமத்துவது வழக்கம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பழகிவிட்டாள். எங்கள் சுவரில் இருந்தது பழைய வட்டப் பின் சொக்கெற், கொம்பியூட்டர் வயரில் 13 அம்பியர் சதுரப் பின், இரண்டுக்கும் நடுவில் ஒரு அடப்டர். அந்த அடப்டரைக் கழட்டித் திருப்பிப் பார்த்தேன். கசிகிற மின்சாரத்தை நிலத்துக்கு அனுப்ப வேண்டிய ஏர்த் பின் வெறும் பிளாஸ்டிக். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கப்பாசிற்றர்கள் (மின்னைத் தேக்கும் பாகங்கள்) உயிர்க் கம்பியிலிருந்தும் நொதுமல் கம்பியிலிருந்தும் உடம்புக்குப் போகும். ஏர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு 230 வோல்ற்றில் பாதியளவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓடுகிற மின்சாரம் மிகக் கொஞ்சம் என்பதால் ஆளைக் கொல்லாது, சுர் என்று மட்டும் போகும். பதின்மூன்று வருஷமாக இதைப் பெட்டியின் குணம் என்று நினைத்திருந்தேன். வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு, ஏர்த்தோடு ஒரு 13 அம்பியர் சொக்கெற் போட்டேன். 2,500.

பிறகு பெட்டியைத் திறந்தேன். எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில். உப்புக் காற்று பின்பக்கத் தகட்டைக் கறள் பிடிக்க வைத்திருந்தது. நாலு திருகாணியில் ஒன்று தலை தேய்ந்து வரவே மாட்டேன் என்றது, குறட்டால் பிடித்துத்தான் கழட்டினேன். உள்ளே தூசி துவாய் மாதிரிப் படிந்திருந்தது. ரேமின் தங்கநிறப் பற்கள் கறுத்துப்போய் இருந்தன. மகளின் பென்சில் பெட்டியில் இருந்து அழிறப்பரை எடுத்து மெதுவாகத் தேய்க்க, மினுங்க ஆரம்பித்தன. பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்தேன். அரைக் கிலோ பாண் அளவு பாரம்கூட இல்லை, மலிவுச் சாமான். காற்றோட்டத் துளையால் எட்டிப் பார்த்தால் ஒரு கப்பாசிற்றரின் தலை ஊதி இருந்தது. அது வெடித்தால் மற்றதெல்லாவற்றையும் கொண்டுபோகலாம். புதிய 450 வொற் பவர் சப்ளைக்கு 7,800 போனது. ஆகக் கவர்ச்சியில்லாத செலவு. பூட்டிய பிறகு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மற்றதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஹாட் டிஸ்க்கைச் சோதித்தால் 31,000 மணித்தியாலம் ஓடியிருந்தது, மஞ்சள் எச்சரிக்கை வேறு. அன்றிரவே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். அடுத்த நாள் 101ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போய் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்று வாங்கினேன், 9,500. பூட்டுமுன் பயோஸில் (விண்டோஸுக்கு முன் போர்டை எழுப்பும் மென்பொருள்) டிஸ்க் முறையை ஐடிஈ என்ற பழையதில் இருந்து ஏஎச்சிஐ என்ற புதியதுக்கு மாற்றினேன். விண்டோஸ் போட்ட பிறகு இதை மாற்றினால் நீலத் திரைதான் கிடைக்கும், ஆகவே ஒழுங்கு முக்கியம்.

எஸ்எஸ்டி பெட்டியில் செக்கனுக்கு 550 எம்பி வேகம் என்று போட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது 268. எச்61 போர்டில் இருப்பது டிஸ்க்கைச் செருகும் பழைய 3 ஜிகாபிற் சாட்டா வாசல், அதற்கு மேல் போகாது. முதலில் கொஞ்சம் வயிறு எரிந்தது. பிறகு பெட்டியை ஒன் பண்ணினேன். 34 செக்கன். பழைய ஹாட் டிஸ்க்கின் உண்மையான வியாதி வேகமல்ல, தேடல். ஊசி ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் ஓட ஊசியே இல்லை. 268 என்ன, 550 என்ன, கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நிற்பாட்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு காசு மிஞ்சியிருக்கும். நான் நிற்பாட்டவில்லை.

ரேம் கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 8 ஜிபி டிடிஆர்3 ரேம் (என் போர்டுக்குரிய வகை), புத்தம்புதிது, 2,800 ரூபா என்று ஒன்லைனில் ஒரு விளம்பரம். கடையில் கேட்ட விலையைவிட மலிவு. வந்தது, பூட்டினேன், திரை கறுப்பு, பீப் பீப் பீப். மற்றத் துளையில் போட்டேன், பீப். அழிறப்பரால் தேய்த்தேன், பீப். ஸ்ரிக்கரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மூலையில் சின்ன எழுத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்'. ஏஎம்டி என்பது இன்டெல்லின் போட்டிக் கொம்பனி, என் புரொசெசர் இன்டெல். விற்றவருக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன, எழுதித்தானே இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு யூனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்குப் போக, அங்கிருந்த பெடியன் தூரத்திலேயே சிரித்தான்.

"அங்கிள், இது ஏஎம்டி ரேம். கிழமைக்கு ரெண்டு பேர் கொண்டு வருவினம்."

"அப்ப இன்டெல்ல ஏன் ஓடாது? ரெண்டும் டிடிஆர்3தானே?"

"சிப் அடுக்கியிருக்கிற விதம் வேற அங்கிள். இன்டெல் கொன்ட்ரோலருக்கு அது விளங்காது. உங்களுக்கு நாலு நாலா ரெண்டு பாவிச்சது தாறன், செக் பண்ணி. ஒரு எட்டை விட ரெண்டு நாலு நல்லம், கிராஃபிக்ஸ் காட் இல்லைத்தானே?"

சரியாகத்தான் சொன்னான். தனிக் கிராஃபிக்ஸ் காட் இல்லாத பெட்டியில் திரைக்கும் ரேமில் இருந்துதான் பங்கு போகிறது. இரண்டு ரேம் போட்டால் தரவு போய்வர இரட்டைப் பாதை கிடைக்கும். இரண்டும் சேர்த்து 3,000. என் கண் முன்னாலேயே பூட்டிச் சோதித்துத் தந்தான். அதோடு அவனிடமே பாவித்த ஐ5-3470 ஒன்றும் 4,500க்கு வாங்கினேன். நாலு கோர். இது தேவையா என்று என்னை நானே கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

ஞாயிறு காலை பழைய ஐ3ஐக் கழட்டி ஐ5ஐப் போட்டேன். காற்றாடி சுற்றியது, திரை வரவில்லை. ரேம், வயர் எல்லாம் பார்த்து, ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. 3470 மூன்றாம் தலைமுறை. என் போர்ட் இரண்டாம் தலைமுறை காலத்தது. பயோஸை முதலில் புதுப்பிக்க வேண்டும், அதுவும் பழைய புரொசெசர் இருக்கும்போதே. மறுபடி ஐ5ஐக் கழட்டி, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்து, ஐ3ஐப் பூட்டி, பென் டிரைவில் பயோஸ் கோப்பைப் போட்டேன்.

பயோஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்ட் செத்தது. அந்த வருஷம் பெப்ரவரி 9, அதுவும் ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று தொட்டதாம் என்று முழு நாடும் இருண்டதே, அது ஞாபகத்துக்கு வந்தது. மேல்மாடி மாமாவிடம் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸை இரவல் வாங்கினேன். நீலக் கோடு நூறு வீதத்தைத் தொடும்வரை கதிரையின் நுனியில் இருந்தேன். மகள் வந்து, "அப்பா, ஏன் மூச்சு விடாம இருக்கிறீங்க?" என்றாள்.

அடுத்தது காற்றாடி. புரொசெசரின் மேல் இருந்து அதைக் குளிர்விக்கும் இன்டெல்லின் காற்றாடியை நாலு பிளாஸ்டிக் ஊசிகள்தான் போர்டோடு பிடிக்கின்றன. மூன்றாவது தடவை அமத்தியபோது ஒரு ஊசி டக் என்றது. பூட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஐ5 எழும்பியது, சந்தோஷத்தோடு பயோஸ் பக்கத்தில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 62. 70. 78. 85. 91. கையைக் கொண்டுபோய்ச் சுவர் சுவிட்சையே அணைத்தேன். போர்டின் பின்பக்கம் ரோச் அடித்துப் பார்க்க, ஒரு மூலையில் ஊசியின் வெள்ளைக் கால் இரண்டாக மடிந்து, துளைக்கு வெளியே நின்றது. பழைய பிளாஸ்டிக், காய்ந்துபோய் முறிந்திருந்தது. காற்றாடி ஒரு பக்கம் மயிரிழை அளவு தூக்கியிருக்க, புரொசெசர் வெந்துகொண்டிருந்திருக்கிறது. திங்கள் அதே பெடியன் குப்பைப் பெட்டியில் கிடந்த ஒரு காற்றாடியில் இருந்து ஊசி கழட்டித் தந்தான், 300. புதுப் பசை 600. இப்போது சும்மா இருக்கும்போது 43 பாகை, வேலை செய்யும்போது 65. அதோடு மணிக்கூடு ஒவ்வொரு நாளும் 2012க்குப் போகிற வியாதிக்கு ஒரு சிஆர்2032 பற்றரி, 150.

இவ்வளவு கூத்துக்கும் பிறகு எழும்பும் நேரம் 34 செக்கனில் இருந்து 31 ஆனது. நியாயமாகச் சொன்னால், 64 பக்க மலர் ஒன்றைப் பிடிஎஃப் ஆக்க 2 நிமிடம் 10 செக்கன் எடுத்தது, இப்போது 1 நிமிடம் 25. அது மாதத்தில் நாலைந்து தரம். எனக்குத் தெரிந்தவர் யாராவது கேட்டால் புரொசெசரைத் தொடாதே என்பேன்.

எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ் 10 வைத்தேன். நெற் இணைப்பை அதில் நிற்பாட்டிவிட்டேன், பழைய மலர் வேலைக்கு மட்டும். மற்றப் பக்கம் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற். வங்கி, மின்னஞ்சல், மகளின் சூம் வகுப்பு எல்லாம் அங்கே. பாமினியின் எழுத்துருக் கோப்பைப் பிரதி பண்ணிப் போட மின்றிலும் பழைய கோப்புகள் திறந்தன. பாமினி யூனிகோட் (எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை என்பதால் எழுத்துரு இல்லாத இடத்தில் 'தமிழ்' என்று அடித்தது 'ஜே கே பி ஓ அரைப்புள்ளி' என்று நிற்கும். வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்த கதை தனிக்கதை.

கூட்டிப் பார்த்தால் 31,150. அந்த 1,150ஐப் பற்றி வீட்டில் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. ஓடாத ரேமைத் துளை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறாள் மகள்.

நேற்று இரவு மனைவிக்கு ஏதோ பில் கட்ட வேண்டியிருந்தது. ஏர்த் போட்டாயிற்று, இனிச் சுர் என்காது என்று நூறு தரம் சொல்லியாயிற்று. அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துதான் பொத்தானை அமத்தினாள்.