மெட்ராஸ் டெரஸைப் பிரித்துத் தளம் போட்டோம்

குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் அறுபதுகளில் கட்டிய தனி வீடுகள் சிலவற்றில் கூரை இன்னும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஒல்லியான சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடுகளை ஒட்டுவார்கள். சரியாகப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் தாங்கும். எங்கள் வீட்டில் தாங்கவில்லை. சுவருக்குள் செருகியிருந்த சட்ட நுனிகளை ஈரமும் கரையானும் தின்று முடித்திருந்தன.

நீங்களும் இப்படி ஒரு வீட்டில் இருந்தால், முதலில் உடைக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வந்த காண்ட்ராக்டர்களில் ஒருவர் மாடியில் கெமிக்கல் பூசினால் போதும் என்றார். இன்னொருவர் வாசலில் நின்றபடியே "மொத்தமா இடிச்சிடலாம் சார்" என்றார். இருவருமே ஏணியைக் கேட்கவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைத் தனியாகப் பணம் கொடுத்து அழைத்து வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் ஒவ்வொரு சட்டத்தின் நுனியையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். நான்கைந்து மட்டும் போயிருந்தால் அடியில் இரும்பு கர்டர் கொடுத்துக் காப்பாற்றலாம் என்றார். எங்கள் கூடத்தில் பாதிக்கு மேல் மாவாக உதிர்ந்தது, அதனால் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதென்று முடிவானது.

இன்ஜினியருக்குக் கொடுத்த பணம் வீண் என்று அப்பாவுக்கு அப்போது வருத்தம். ஆனால் வேலையை நடத்தியதே அவர் போட்டுக் கொடுத்த படம்தான். தளத்தின் கனம் 5 அங்குலம், எந்தக் கம்பி எத்தனை அங்குல இடைவெளியில், எல்லாம் அதில் இருந்தது. எந்தக் காண்ட்ராக்டரும் கொட்டேஷனில் எழுதாத ஒன்றும் இருந்தது: சுவர்த்தலையைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட். பழைய சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. சட்டங்களைப் பிடுங்கும்போது மேல் வரிசைச் செங்கற்கள் ஆடிப்போகும். அதன் மேல் அப்படியே புதுத் தளத்தை உட்கார வைக்கக் கூடாது. இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கொட்டேஷன் கேட்டதும், குறைந்த விலை சொன்னவர் விலையும் மற்றவர்கள் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

மரத்தைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். "இடிபாடு அகற்றுவது எங்கள் பொறுப்பு" என்று கொட்டேஷனில் ஒரு வரி இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். அந்த இடிபாட்டுக்குள் உங்கள் வீட்டுத் தேக்கும் அடக்கம். நுனி கெட்டிருந்தாலும் நடுப்பகுதி கெட்டியாக இருக்கும், அதிலும் பர்மா தேக்கு என்றால் பழைய கட்டடச் சாமான் கடைக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். "மரம் வீட்டுக்காரருடையது" என்று எழுதி வாங்கினோம். மேஸ்திரியின் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. இன்ஜினியருக்கு ஆன செலவு மரம் விற்ற பணத்திலேயே வந்துவிட்டது.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் கூரையில்லாத வீட்டை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. பொங்கல் கழித்துத் தொடங்கினோம். அதற்கு முன்பே பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷனுக்குக் குடிபோய்விட்டோம். மாடியை ஒட்டிப் போன சர்வீஸ் ஒயரை மாற்ற மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தோம். இதை வேலை தொடங்கும் வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். பக்கத்து வீட்டு மாமியிடம் தூசி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது நல்லதாயிற்று. சுண்ணாம்புத் தூசி, துவைத்துக் காயப்போட்ட துணி ஒன்றையும் விடவில்லை.

இடிப்பில் நான் பார்த்தவரை ஆபத்து ஒன்றுதான்: உடைத்த செங்கல்லை மாடியிலேயே குவிப்பது. அடியில் முட்டுக் கொடுத்து, கைப்பிடிச்சுவரை முதலில் இறக்கி, மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்து, எடுத்ததை உடனே கீழே இறக்க வேண்டும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. தளம் போடும் நாளன்று சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், பூஜை நடக்கும், வேலையாட்களுக்குப் பிரியாணி போகும். அன்று நீங்கள் அங்கே நின்று பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சாரத்தில் ஏறி நில்லுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டி) இருக்கிறதா, இல்லை ஜல்லித் துண்டைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கான்கிரீட்டாவது இல்லாவிட்டால் சில வருஷத்தில் துருவேறி, காரை பெயர்ந்து விழும். சுவரோரம் மேலே வரும் கம்பிகளை ஆட்கள் மிதித்து மிதித்துக் கீழே இறக்கியிருப்பார்கள். அவற்றைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஃபேன் பாக்ஸ், ஒயரிங் பைப், மழைநீர்க் குழாய்க்கான ஓட்டை எல்லாம் எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தளத்தில் டிரில் போடும்போது அந்தப் படங்கள் உதவும்.

கம்பியை எடை போட்டே வாங்கலாம். 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ இருக்க வேண்டும், 10 மி.மீ. என்றால் 7.4 கிலோ. சற்று முன்பின் இருக்கலாம், நிறையக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். எங்கள் தெருவில் ரெடிமிக்ஸ் லாரி நுழையாது, அதனால் மிக்ஸர் மெஷின் வைத்து 1:1½:3 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி). இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் போகும். 600 சதுர அடிக்கு 5 அங்குலம் என்றால் 7 கன மீட்டர் சொச்சம், ஆக 55 மூட்டையாவது தீர்ந்திருக்க வேண்டும். காலிச் சாக்குகளை ஓரமாக அடுக்கச் சொன்னேன். இன்னொன்று தண்ணீர். கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. தளத்தின் பலம் அங்கேதான் கரைகிறது.

சென்டரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகை, முட்டுகளை, பிரிப்பதில் ஒரு இழுபறி நடந்தது. பலகையும் முட்டும் நாள் வாடகைக்கு வருபவை, அதனால் காண்ட்ராக்டருக்கு அவசரம். எங்கள் கூடத்தின் அகலம் 12 அடி. 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்வது சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள். நாங்கள் வாங்கியது பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமென்ட், அது மெதுவாக இறுகும். 14 நாளுக்கு முன் முட்டுகளைத் தொடக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார், கூடுதல் வாடகையை நாங்கள் கொடுத்தோம். அத்தனை நாளும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருந்து, மாடியில் தண்ணீர் தேக்கி அடியில் கசிவில்லை என்று பார்த்த பிறகே கொடுத்தோம்.

ஒன்றை மட்டும் யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பழைய சுண்ணாம்புத் தளத்தின் குளுமை கான்கிரீட்டில் கிடைக்காது. வாட்டம் பார்த்து வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம், பகலில் கொஞ்சம் உதவுகிறது. ஆனாலும் கத்திரி வெயிலில் கூடம் ராத்திரி பதினோரு மணி வரை அனலாகத்தான் இருக்கிறது. ஏ.சி.க்கான லைனையும் ஒயரிங்கோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். அப்பா இப்போது வராந்தாவில் படுக்கிறார்.